லினக்ஸ் பணிமேடையில் சுட்டி முடுக்கம்

சுட்டி முடுக்கம் என்பது, கணினிச் சுட்டியைக் கை நகர்த்தும் வேகத்துக்கு ஏற்பத் திரையில் சுட்டுக்குறி நகரும் தொலைவை மாற்றும் மென்பொருள் வழிமுறை ஆகும். சுட்டியை மெல்ல நகர்த்தினால் சுட்டுக்குறி சிறிதளவே நகரும். அதே தொலைவுக்கு விரைந்து நகர்த்தினால் பல மடங்கு தொலைவு செல்லும். லினக்ஸ் பணிமேடைகளில் இவ்வழிமுறை நெடுங்காலம் எக்ஸ் சாளர முறைமையின் வழங்கியில் செயற்பட்டது. 2010களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான வழங்கல்களில் லிப்இன்புட் என்னும் நிரலகம் இப்பொறுப்பை ஏற்றுள்ளது. இம்மாற்றத்தால், முடுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் பயன்படும் அமைப்புகளின் இடமும் பொருளும் மாறிவிட்டன. ஒரு கணினியில் பயன் தரும் கட்டளை மற்றொன்றில் எந்த விளைவையும் தராமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

இக்கட்டுரையில் சுட்டி என்பது கையில் பிடிக்கும் சாதனத்தையும், சுட்டுக்குறி என்பது திரையில் நகரும் அம்புக்குறியையும் குறிக்கும்.

அடிப்படைக் கருத்து

சுட்டி தான் மேசையில் இருக்கும் இடத்தைக் கணினிக்குத் தெரிவிப்பதில்லை. முன்பிருந்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டும் சிறு சிறு அலகுகளாக எண்ணி அனுப்புகிறது. ஓர் அங்குல நகர்வுக்கு எத்தனை அலகுகள் அனுப்பப்படுகின்றன என்பது சுட்டியின் நுண்மை ஆகும். இது வழக்கில் டிபிஐ என அழைக்கப்படுகிறது. 800 டிபிஐ சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 அலகுகள் கணினியை அடையும்.

இந்த அலகுகளைத் திரையின் படப்புள்ளிகளாக மாற்றும்போது அவற்றை ஓர் எண்ணால் பெருக்க வேண்டியுள்ளது. இதனைப் பெருக்கெண் எனலாம். பெருக்கெண் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் முடுக்கம் இல்லை என்று பொருள். கையின் வேகத்துக்கு ஏற்பப் பெருக்கெண் மாறினால் அங்கு முடுக்கம் உள்ளது.

இயற்பியலில் முடுக்கம் என்பது காலத்தைப் பொறுத்துத் திசைவேகம் மாறும் வீதம் ஆகும். சுட்டி முடுக்கம் அப்பொருளில் முடுக்கம் அன்று. கை சீரான வேகத்தில் நகர்ந்தால் சுட்டுக்குறியும் சீரான வேகத்திலேயே நகரும். இரண்டு வேகங்களுக்கும் இடையிலான விகிதம் மட்டுமே வேகத்துக்கு வேகம் வேறுபடும். எனினும் இப்பெயரே நிலைத்துவிட்டது.

வேகமும் முடுக்கமும் வெவ்வேறானவை. பெருக்கெண்ணை எல்லா அசைவுகளுக்கும் ஒரேயளவில் 1இலிருந்து 2 ஆக உயர்த்துவது சுட்டுக்குறியின் வேகத்தைக் கூட்டுவது மட்டுமே. மெதுவான அசைவுக்கு 1 எனவும் விரைவான அசைவுக்கு 2 எனவும் வைப்பதே முடுக்கம். அமைப்புப் பக்கங்கள் பலவற்றில் இவ்விரண்டும் அருகருகே இருப்பதால், ஒன்றை மாற்ற எண்ணி மற்றொன்றை மாற்றுவது பொதுவாக நேரும் பிழையாகும்.

முடுக்கத்தின் தேவை

முதல் கணினிச் சுட்டியை டக்ளஸ் எங்கெல்பார்ட் வடிவமைக்க, பில் இங்கிலிஷ் 1964ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுமக்கள் முன் செய்து காட்டப்பட்டது. திரைகள் பெரிதாகி அவற்றின் படப்புள்ளிகள் பெருகியபோது இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரைந்து செல்ல வேண்டும் என்பது முதலாவது. சிறிய பொத்தான் ஒன்றின் மீதோ இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலோ துல்லியமாக நிற்க வேண்டும் என்பது இரண்டாவது.

மாறாத பெருக்கெண் இவ்விரண்டையும் ஒருசேர நிறைவு செய்வது கடினம். பெருக்கெண் சிறிதானால், திரையைக் கடக்கும்முன் கை மேசையின் விளிம்பை அடைந்துவிடும். பயனர் சுட்டியைத் தூக்கி மீண்டும் தொடக்க இடத்தில் வைத்து நகர்த்த வேண்டியிருக்கும். பெருக்கெண் பெரிதானால், கையின் சிறு நடுக்கமும் திரையில் பெரிய தாவலாகத் தெரியும்.

மனிதர் ஓர் இலக்கை நோக்கிக் கையை நகர்த்தும்போது, முதலில் விரைந்த பெரிய அசைவும் இறுதியில் மெதுவான திருத்த அசைவுகளும் நிகழ்கின்றன. இலக்கின் தொலைவும் அகலமும் அதனை அடைய எடுக்கும் நேரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை 1954இல் பால் ஃபிட்ஸ் வாய்பாடாகத் தந்தார். இது ஃபிட்ஸ் விதி எனப்படுகிறது. முடுக்கம், விரைந்த பகுதிக்குப் பெரிய பெருக்கெண்ணையும் திருத்தப் பகுதிக்குச் சிறிய பெருக்கெண்ணையும் தந்து இரண்டு தேவைகளையும் இணைக்க முயல்கிறது. ஜெரி கசியே முதலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாறாத பெருக்கெண்ணைவிட முடுக்கம் சிறிதளவு விரைவைத் தருவதும், சிறிய இலக்குகளில் அந்தப் பயன் கூடுதலாக இருப்பதும் கண்டறியப்பட்டன. பெருக்கெண்ணை மிகக் குறைவாக வைப்பதே பயனரை அதிகம் தாமதப்படுத்துகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவுகளில் ஒன்று.

அசைவு திரையை அடையும் வழி

லினக்ஸ் கணினியில் கையின் அசைவு பல அடுக்குகளைக் கடந்து திரையை அடைகிறது. எந்த அமைப்பு எந்த அடுக்கைச் சேர்ந்தது என அறிவது, மாற்றம் செய்வதற்கு முன் தேவையான முதல் அறிவாகும்.

* சாதனம்: சுட்டியின் ஒளி உணரி அசைவை அளந்து அலகுகளாக மாற்றுகிறது. நுண்மையும், ஒரு நொடியில் எத்தனை முறை அறிக்கை அனுப்புவது என்பதும் இங்குத் தீர்மானிக்கப்படுகின்றன.
* கருனி: லினக்ஸ் கருனி அலகுகளைப் பெற்று, ஈவ்டெவ் என்னும் இடைமுகத்தின் வழியே மேலே அனுப்புகிறது. இயல்பாகக் கருனி முடுக்கம் எதனையும் சேர்ப்பதில்லை.
* உள்ளீட்டு நிரலகம் அல்லது இயக்கி: இன்று பெரும்பாலும் லிப்இன்புட். முடுக்கக் கணக்கு இங்கு நடைபெறுகிறது.
* காட்சி வழங்கி: எக்ஸ் வழங்கி அல்லது வேலண்ட் தொகுப்பி. சுட்டுக்குறியின் இறுதி இடத்தை இதுவே முடிவு செய்கிறது.
* பணிமேடைச் சூழல்: க்னோம், கேடிஇ பிளாஸ்மா போன்றவை. பயனரின் விருப்பத்தைச் சேமித்துக் கீழுள்ள அடுக்குகளுக்குத் தெரிவிக்கின்றன.
* செயலி: சில விளையாட்டுகள் முடுக்கம் சேராத மூல அசைவைக் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றன.

எக்ஸ் சாளர முறைமையில் முடுக்கம்

எக்ஸ் சாளர முறைமை 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. 1987இல் வெளிவந்த அதன் பதினொன்றாம் பதிப்பின் நெறிமுறையிலேயே சுட்டி முடுக்கத்துக்கு இடம் இருந்தது. அது இரண்டு எண்களால் ஆனது: ஒன்று, பின்னமாகத் தரப்படும் பெருக்கம், மற்றொன்று, தொடக்க வரம்பு. ஓர் அசைவு தொடக்க வரம்பைக் கடந்தால் மட்டுமே பெருக்கம் செயற்படும். எக்ஸ்செட் என்னும் கட்டளையால் இவ்விரு எண்களையும் மாற்றலாம். எக்ஸ் வழங்கியின் இயல்பிருப்பு 2/1 பெருக்கமும் 4 தொடக்க வரம்பும் ஆகும். தொடக்க வரம்பைச் சுழியமாக வைத்தால், திடீர் மாற்றம் இல்லாமல் படிப்படியாக உயரும் வேறொரு வாய்பாடு பயன்படுத்தப்படும்.

இந்த எளிய முறையில் ஒரு குறை இருந்தது. அது உண்மையான வேகத்தை அளக்கவில்லை. ஓர் அறிக்கையில் எத்தனை அலகுகள் வந்தன என்பதையே பார்த்தது. 400 டிபிஐ சுட்டி ஒன்றை நொடிக்கு 2.5 அங்குல வேகத்தில் நகர்த்துவதாகக் கொள்வோம். ஒரு நொடியில் 1,000 அலகுகள் உருவாகும். சுட்டி நொடிக்கு 125 முறை அறிக்கை அனுப்பினால் ஒவ்வோர் அறிக்கையிலும் 8 அலகுகள் இருக்கும். அது 4 என்னும் வரம்பைக் கடப்பதால் முடுக்கம் செயற்படும். அதே கை அசைவில் நொடிக்கு 1,000 முறை அறிக்கை அனுப்பும் சுட்டியில் ஓர் அறிக்கைக்கு 1 அலகு மட்டுமே இருக்கும், வரம்பு கடக்கப்படாது. கை செய்தது ஒன்றே. திரையில் நிகழ்வது வேறு. புதிய சுட்டி ஒன்றை வாங்கி இணைத்ததும் பழகிய அமைப்பு பொருந்தாமல் போனதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

2009 பிப்ரவரியில் வெளிவந்த எக்ஸ்.ஆர்க் வழங்கியின் 1.6 பதிப்பில், முன்கணிக்கத்தக்க சுட்டி முடுக்கம் என்னும் புதிய முறை இடம்பெற்றது. அசைவின் தொலைவோடு அதற்கு எடுத்த காலத்தையும் கொண்டு வேகத்தைக் கணித்தது இதன் சிறப்பு. பல வகை முடுக்க வளைகோடுகளும், எல்லா அசைவுகளையும் ஒரேயளவில் குறைக்கும் அமைப்பும், மெதுவான அசைவை மட்டும் குறைக்கும் அமைப்பும் தரப்பட்டன. தெரிவுகள் பெருகியதால் நுட்பம் அறிந்தோர் தம் கைக்கு ஏற்ற நிலையை அமைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அவற்றின் சேர்க்கைகளை விளங்கிக்கொள்வது புதிய பயனருக்கு எளிதாக இருக்கவில்லை.

லிப்இன்புட்

லிப்இன்புட், வேலண்டின் முன்மாதிரித் தொகுப்பியான வெஸ்டனில் இருந்த உள்ளீட்டு நிரலைப் பிரித்தெடுத்து உருவாக்கப்பட்டது. யோனாஸ் ஓடால் இதனைத் தொடங்கினார். பின்னர் ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹட்டரர் இதன் முதன்மைப் பராமரிப்பாளர் ஆனார். இதன் 1.0 பதிப்பு 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. எக்ஸ் வழங்கியிலும் இதனைப் பயன்படுத்தத் தனி இயக்கி உள்ளது. அவ்வியக்கி, எக்ஸ் வழங்கியின் சொந்த முடுக்கத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு லிப்இன்புட்டின் கணக்கை மட்டும் பயன்படுத்துகிறது. ஆகவே இவ்வியக்கி உள்ள கணினியில் எக்ஸ்செட் கட்டளையால் முடுக்கத்தை மாற்ற இயலாது. கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிவதால், மாற்றம் நிகழ்ந்துவிட்டதாகப் பயனர் கருதுவதும் உண்டு.

வேகத்தைக் கணிக்க லிப்இன்புட் ஓர் அறிக்கையை மட்டும் நம்புவதில்லை. அண்மையில் வந்த பல அறிக்கைகளின் தொலைவையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. கை திசை மாறினால் பழைய அறிக்கைகள் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன.

முடுக்க முறைகள்

லிப்இன்புட்டில் சுட்டிக்கு மூன்று முடுக்க முறைகள் உள்ளன.

தகவமை முறை: இதுவே இயல்பிருப்பு. மிக மெதுவான அசைவில் பெருக்கெண் 1க்குக் கீழே இருக்கும். இடைப்பட்ட வேகத்தில் அது 1 அளவில் சமமாக நிற்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் நேர்கோட்டில் உயர்ந்து, ஓர் உச்ச வரம்பில் நின்றுவிடும். வெவ்வேறு நுண்மையுள்ள சுட்டிகள் ஒரேவிதமாக நடந்துகொள்ளும் பொருட்டு, இம்முறையில் அலகுகள் 1,000 டிபிஐ அளவுக்கு இணையாக மாற்றப்படுகின்றன. சுட்டியின் நுண்மை தெரியாதபோது அது 1,000 எனவே கொள்ளப்படும். அறியப்பட்ட சுட்டிகளின் நுண்மை, சிஸ்டம்டி திட்டத்தோடு வரும் வன்பொருள் தரவுத்தளத்தில் பதியப்பட்டுள்ளது.

சமன் முறை: எல்லா வேகத்துக்கும் ஒரே பெருக்கெண். பொதுவழக்கில் முடுக்கத்தை நிறுத்துவது என்று சொல்லப்படுவது இதுவே. இம்முறையில் நுண்மைக்கேற்ற மாற்றம் செய்யப்படுவதில்லை. சாதனம் அனுப்பிய அலகு அப்படியே பெருக்கப்படுகிறது.

தனிப்பயன் முறை: 2023இல் வெளிவந்த 1.23 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கையின் வேகத்துக்கு எதிராகச் சுட்டுக்குறியின் வேகத்தைக் குறிக்கும் புள்ளிகளைப் பயனரே தரலாம். எடுத்துக்காட்டாக, இடைவெளியை 1 எனவும் புள்ளிகளை 0, 1, 3 எனவும் தந்தால், மில்லிநொடிக்கு 1 அலகு வேகத்தில் சுட்டுக்குறி 1 என்னும் வேகத்தையும், 2 அலகு வேகத்தில் 3 என்னும் வேகத்தையும் பெறும். அதாவது பெருக்கெண் 1இலிருந்து 1.5 ஆக உயர்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள 1.5 அலகு வேகத்துக்கு, இடையிலுள்ள 2 என்னும் வேகம் கிடைக்கும். கடைசிப் புள்ளிக்கு அப்பாலும் அதே நேர்கோடு நீட்டிக்கப்படுகிறது.

வேக அமைப்பு

முறையோடு வேகம் என்னும் ஓர் எண்ணும் உள்ளது. அது -1 முதல் 1 வரை இருக்கலாம், இயல்பிருப்பு 0. இந்த எண்ணின் பொருள் முறைக்கு முறை மாறுபடும். சமன் முறையில் அது பெருக்கெண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது: 0 என்றால் பெருக்கெண் 1; 0.5 என்றால் 1.5, 1 என்றால் 2. -0.5 என்றால் பாதி வேகம். -1 என்றால் சுட்டுக்குறி ஏறத்தாழ நின்றுவிடும். தகவமை முறையிலோ இந்த எண் வளைகோட்டின் வடிவத்தையே மாற்றுகிறது. எண் உயர்ந்தால் முடுக்கம் முன்னதாகத் தொடங்கி, விரைந்து உயர்ந்து, பெரிய உச்சத்தை அடையும். எண் குறைந்தால் முடுக்கம் தாமதமாகத் தொடங்கி, சிறிய உச்சத்தில் நிற்கும். மிகக் குறைந்த எண்ணில் முடுக்கம் மறைந்து, எல்லா அசைவுகளும் ஒரேயளவில் குறைக்கப்படும். ஆகவே ஒரு முறையில் பழகிய எண்ணை மறு முறைக்கு அப்படியே கொண்டுசெல்வது பொருந்தாது.

வேலண்டில் முடுக்கம்

வேலண்ட் என்பது 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய காட்சி நெறிமுறை ஆகும். 2016 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 25 வழங்கலில் அது க்னோம் பணிமேடையின் இயல்பிருப்பு ஆனது. 2025 செப்டம்பரில் வெளிவந்த க்னோம் 49 பதிப்பில் எக்ஸ் அமர்வு இயல்பாக முடக்கப்பட்டது.

எக்ஸ் முறைமையில் சாளரங்களை நிர்வகிக்கும் நிரலும் உள்ளீட்டைக் கையாளும் வழங்கியும் தனித்தனியானவை. எனவே எந்தப் பணிமேடையாக இருந்தாலும் எக்ஸ்செட், எக்ஸ்இன்புட் ஆகிய பொதுக் கட்டளைகள் செயற்பட்டன. வேலண்டில் இவ்விரண்டு பணிகளையும் தொகுப்பியே செய்கிறது. ஒவ்வொரு தொகுப்பியும் லிப்இன்புட்டை நேரடியாக அழைத்து, தன் சொந்த அமைப்புகளைப் பின்பற்றுகிறது. எல்லாத் தொகுப்பிகளுக்கும் பொதுவான முடுக்கக் கட்டளை நெறிமுறையில் இல்லை. வேலண்ட் அமர்வில் எக்ஸ்செட்டை இயக்கினால் அது பழைய செயலிகளுக்காக இயங்கும் எக்ஸ்வேலண்ட் வழங்கியோடு மட்டுமே பேசும். சுட்டுக்குறியின் நடத்தை மாறாது.

பணிமேடைச் சூழல்களில் அமைப்புகள்

க்னோம்: 2000களில் க்னோமின் சுட்டி அமைப்புப் பக்கத்தில் முடுக்கம், உணர்திறன் என்னும் இரண்டு நகர்த்துப் பட்டைகள் இருந்தன. இவை எக்ஸ் முறைமையின் பெருக்கத்தையும் தொடக்க வரம்பையும் ஒட்டியவை. லிப்இன்புட் வந்தபின் வேகத்துக்கான ஒரே பட்டை எஞ்சியது. முடுக்க முறையை மாற்ற க்னோம் ட்வீக்ஸ் என்னும் தனிக் கருவியோ ஜிசெட்டிங்ஸ் கட்டளையோ தேவைப்பட்டது. 2023இல் வெளிவந்த க்னோம் 44 பதிப்பில் முடுக்கத்தை இயக்கவும் நிறுத்தவும் ஆன நிலைமாற்றி அமைப்புப் பக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. இந்த அமைப்பு இணைக்கப்பட்ட எல்லாச் சுட்டிகளுக்கும் பொதுவானது.

கேடிஇ பிளாஸ்மா: அமைப்புப் பக்கத்தில் வேகப் பட்டையும் முடுக்க முறைக்கான தெரிவும் உள்ளன. வேலண்ட் அமர்வில் ஒவ்வொரு சுட்டிக்கும் தனித்தனி அமைப்பை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு சுட்டியும் வெளியில் மற்றொரு சுட்டியும் பயன்படுத்தும் மடிக்கணினிப் பயனருக்கு இது உதவும்.

எக்ஸ்எஃப்சிஇ: இதன் பழைய பதிப்புகளில் முடுக்கம், தொடக்க வரம்பு ஆகிய இரண்டும் தனித்தனிப் பட்டைகளாக இருந்தன.

ஸ்வே: வரைகலை அமைப்புப் பக்கம் இல்லை. அமைப்புக் கோப்பில் சாதன வகையையோ தனிச் சாதனத்தின் அடையாளத்தையோ குறித்து, அதன் கீழ் முடுக்க முறையையும் வேகத்தையும் எழுத வேண்டும்.

எக்ஸ் அமர்வில் லிப்இன்புட் இயக்கியைப் பயன்படுத்துவோர், எக்ஸ்இன்புட் கட்டளையால் சாதனத்தின் பண்புகளை மாற்றலாம். இம்மாற்றம் நிலையானது அன்று. அமர்வு முடிந்தாலோ, சுட்டியைக் கழற்றி மீண்டும் இணைத்தாலோ அது மறைந்துவிடும். நிலையாக வைக்க எக்ஸ்.ஆர்க் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறையில், உள்ளீட்டு வகுப்பு ஒன்றை வரையறுத்து அதில் முடுக்க முறையை எழுத வேண்டும்.

நுண்மையும் திரையின் அளவும்

முடுக்கம் தேவையா இல்லையா என்பது சுட்டியின் நுண்மையையும் திரையின் அகலத்தையும் பொறுத்தது. சமன் முறையில் பெருக்கெண் 1 என்றும், ஓர் அலகு ஒரு படப்புள்ளி என்றும் கொண்டால் கணக்கு எளிது. 1,920 படப்புள்ளி அகலமுள்ள திரையை 800 டிபிஐ சுட்டியால் கடக்க 2.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 செ.மீ. நகர்த்த வேண்டும். 3,840 படப்புள்ளி அகலமுள்ள இரண்டு திரைகளை அருகருகே வைத்தால் 9.6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 24 செ.மீ. தேவைப்படும். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பணிபுரிவோருக்கு முன்னது எளிது, பின்னது இயலாதது.

இந்நிலையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தகவமை முறையைப் பயன்படுத்துவது. மற்றொன்று, சமன் முறையை வைத்துக்கொண்டு சுட்டியின் நுண்மையை உயர்த்துவது. நுண்மையை மாற்றவல்ல சுட்டிகளில் அதற்கென்று பொத்தான் இருக்கலாம். லிப்ராட்பேக் என்னும் திட்டமும் அதன் வரைகலை முகமான பைப்பர் செயலியும், ஆதரிக்கப்படும் சுட்டிகளின் நுண்மையை லினக்ஸிலிருந்தே மாற்ற உதவுகின்றன. பெருக்கெண்ணை உயர்த்துவதைவிட நுண்மையை உயர்த்துவது பொதுவாகச் சிறந்தது. பெருக்கெண் 2 ஆக இருக்கும்போது சுட்டுக்குறி இரண்டு இரண்டு படப்புள்ளிகளாகத் தாவும். இடையிலுள்ள புள்ளியில் நிற்க இயலாது. நுண்மையை இரட்டித்தால் அத்தாவல் நேராது.

தொடுபலகையும் சுட்டுக்குச்சியும்

தொடுபலகை மேசையைவிட மிகச் சிறியது. விரல் நகரும் இடம் சில அங்குலங்களே என்பதால், முடுக்கம் இல்லாமல் திரை முழுவதையும் ஒரே வீச்சில் கடப்பது கடினம். தொடுபலகையின் அளவு மில்லிமீட்டரில் தெரியும் என்பதால், விரலின் உண்மையான வேகத்தைக் கொண்டே லிப்இன்புட் முடுக்கத்தைக் கணிக்கிறது.

சில மடிக்கணினிகளின் விசைப்பலகை நடுவே உள்ள சுட்டுக்குச்சி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது நகர்வதில்லை, விரல் தரும் அழுத்தமே வேகமாக மாற்றப்படுகிறது. ஒவ்வொரு மாதிரியும் வெவ்வேறு அளவில் எண்களை அனுப்புவதால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வளைகோட்டை அமைப்பது கடினமாக உள்ளது.

கணினி விளையாட்டுகள்

சுடுதல் வகை விளையாட்டுகளில் சுட்டியின் அசைவு பார்வையின் திசையைத் திருப்புகிறது. எவ்வளவு தூரம் நகர்த்தினால் எவ்வளவு கோணம் திரும்பும் என்பதை ஆட்டக்காரரின் கை பயிற்சியால் அறிந்துகொள்கிறது. முடுக்கம் இருந்தால் அதே தூரம் வேகத்துக்கு ஏற்ப வெவ்வேறு கோணங்களைத் தரும். ஆகவே ஆட்டக்காரர் பலர் சமன் முறையை விரும்புகின்றனர்.

இதற்காகப் பணிமேடை முழுவதிலும் முடுக்கத்தை நிறுத்த வேண்டிய தேவை எப்போதும் இல்லை. எக்ஸ் முறைமையின் இரண்டாம் உள்ளீட்டு நீட்சி, முடுக்கம் சேராத மூல அசைவுகளைச் செயலிகளுக்குத் தருகிறது. வேலண்டின் சார்பு அசைவு நெறிமுறையும் ஒவ்வோர் அசைவுக்கும் முடுக்கம் சேர்ந்த அளவு, சேராத அளவு ஆகிய இரண்டையும் அனுப்புகிறது. மூல அளவைப் பயன்படுத்தும் விளையாட்டில் பணிமேடையின் முடுக்கம் குறுக்கிடாது. விளையாட்டின் அமைப்பில் மூல உள்ளீடு என்னும் தெரிவு இருந்தால் முதலில் அதனைப் பார்ப்பது நன்று.

அணுகுதன்மை

கை அசைவில் தடை உள்ளோருக்கு முடுக்க அமைப்பு வசதி என்ற அளவைக் கடந்தது. கணினியைப் பயன்படுத்த முடியுமா என்பதையே அது தீர்மானிக்கலாம். கை நடுக்கம் உள்ளவருக்கு உயர்ந்த பெருக்கெண் சிறு பொத்தான்களை எட்டாதவையாக்கும். மெதுவான அசைவைக் குறைத்துக் காட்டும் வளைகோடு உதவும். அதே வேளையில் நடுக்கத்தின் அசைவே விரைவானதாக இருந்தால், முடுக்கம் அதனைப் பெரிதாக்கவும் கூடும். அப்போது குறைந்த வேகத்துடன் கூடிய சமன் முறை ஏற்றதாகலாம். கையைச் சிறிதளவே நகர்த்த இயலும் ஒருவருக்கோ, குறைந்த அசைவில் தொலைவு செல்ல உதவும் முடுக்கமே தேவை. எல்லோருக்கும் ஏற்ற ஒரே அமைப்பு இல்லை என்பதால், தெரிவுகள் எளிதில் கிட்டும் இடத்தில் இருப்பது இன்றியமையாதது.

பொதுவான குழப்பங்கள்

முடுக்க அமைப்பு பயன் தராதபோது கீழ்க்காணும் வரிசையில் ஆராயலாம்.

* அமர்வு எக்ஸ் முறைமையா வேலண்டா என முதலில் அறிதல் வேண்டும். அமர்வு வகையைக் குறிக்கும் சூழல் மாறியிலோ, பணிமேடையின் கணினி விவரப் பக்கத்திலோ இதனைக் காணலாம்.
* எக்ஸ் அமர்வானால், சுட்டியை இயக்குவது லிப்இன்புட்டா பழைய ஈவ்டெவ் இயக்கியா எனப் பார்த்தல் வேண்டும். எக்ஸ்செட் கட்டளை பின்னதற்கே பொருந்தும்.
* முறை மாறியதா வேகம் மட்டும் மாறியதா எனச் சோதித்தல் வேண்டும். சுட்டியை ஓர் அளவுகோலின் பக்கவாட்டில் வைத்து, ஒரே தொலைவுக்கு ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் நகர்த்தலாம். சுட்டுக்குறி இரண்டு முறையும் ஒரே இடத்தை அடைந்தால் முடுக்கம் இல்லை.
* பிற இயங்குதளத்திலிருந்து வந்தவர், அங்கும் முடுக்கம் இருந்ததா என எண்ணிப்பார்த்தல் நன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல் சுட்டித் துல்லியத்தை மேம்படுத்தும் தெரிவு என்ற பெயரில் விண்டோஸிலும் முடுக்கம் உண்டு. அதன் வளைகோடு லிப்இன்புட்டின் வளைகோட்டிலிருந்து வேறுபட்டது என்பதால், கைக்குப் புதிதாகத் தோன்றுவது முடுக்கம் அன்று, வேறொரு முடுக்கம்.

கருத்து வேறுபாடுகள்

எக்ஸ் வழங்கி தந்த பல தெரிவுகளை லிப்இன்புட் தொடக்கத்தில் தரவில்லை. தெரிவுகள் பெருகப் பெருக அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பது இயலாது என்பதும், பெரும்பாலோருக்கு ஏற்ற நல்ல இயல்பிருப்பைத் தருவதே நிரலகத்தின் கடமை என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். பல ஆண்டுகள் ஒரு வளைகோட்டுக்குப் பழகிய பயனர்களுக்கு இது இழப்பாகவே தோன்றியது. சிலர் எக்ஸ் முறைமையின் ஆள்கூற்று மாற்று அணியைப் பயன்படுத்தி வேகத்தை மாற்றினர். சிலர் கருனியில் செருகப்படும் தனிக் கூறுகளால் தம் வளைகோட்டை அமைத்துக்கொண்டனர். 2023இல் வந்த தனிப்பயன் முறை, இயல்பிருப்பை எளிதாக வைத்துக்கொண்டே விரும்புவோருக்கு முழு உரிமையையும் தரும் இணக்க வழியாக அமைந்தது. எனினும் ஒரு பணிமேடையின் அமைப்புப் பக்கத்திலோ அமைப்புக் கோப்பிலோ இம்முறைக்கு இடம் தரப்பட்டிருந்தால் மட்டுமே அப்பணிமேடையின் பயனர் அதனைப் பயன்படுத்த இயலும்.

இவற்றையும் பார்க்க

* கணினிச் சுட்டி
* தொடுபலகை
* ஃபிட்ஸ் விதி
* எக்ஸ் சாளர முறைமை
* வேலண்ட்
* லினக்ஸ் கருனி